காட்டில் பிறந்து கடலில் முடியும் பயணம்: கரமனையிலிருந்து நான்கு நாள்

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புது தில்லி:
நாடாளுமன்றத்தின் குளிர்காலக் கூட்டத்தொடர் நிறைவுபெறும் டிசம்பர் மாதக் கடைசியில், தலைநகரில் பணிபுரியும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழும். இந்த விடுமுறைக்கு எங்கே செல்வது? குழந்தைகள் கடற்கரை வேண்டும் என்பர். பெரியவர்கள் கோயிலும் உறவினர் வீடும் வேண்டும் என்பர். காட்டையும் பறவைகளையும் பார்க்க வேண்டும் என்ற ஆவல் வேறு சிலருக்கு. இம்மூன்றையும் ஒரே பயணத்தில் அடக்கக்கூடிய ஊர்கள் நாட்டில் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று, திருவனந்தபுரம் நகரின் தென்கிழக்கு வாயிலில் ஆற்றங்கரையில் அமைந்துள்ள கரமனை.

தமிழருக்குக் கரமனை அயலூர் அன்று. அதன் அக்ரஹாரத் தெருக்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. தமிழ்க் கீர்த்தனைகளால் புகழ்பெற்ற நீலகண்ட சிவன் வாழ்ந்த ஊர் இது. நாகர்கோவில் செல்லும் தேசிய நெடுஞ்சாலை ஊரின் நடுவே செல்கிறது. தம்பானூரில் உள்ள மத்திய ரயில் நிலையமும், நகரப் பேருந்துகள் புறப்படும் கிழக்கேகோட்டையும் சிறிது தொலைவிலேயே உள்ளன. கடற்கரை விடுதிகளின் விடுமுறைக் காலக் கட்டணத்தைத் தவிர்க்க விரும்புவோர், இங்கு தங்கிக்கொண்டு ஒவ்வொரு நாளும் ஒரு திசையில் சென்று திரும்பலாம்.

இப்பயணத்துக்கு வழிகாட்டி ஊரின் பெயரையே தாங்கிய ஆறுதான். அகத்திய மலையின் சரிவில், செம்முஞ்சி மொட்டை என்ற உயரமான பகுதியில் உற்பத்தியாகும் கரமனையாறு, பேப்பாறை, அருவிக்கரை என்ற இரு அணைகளைக் கடந்து, நகருக்குக் குடிநீர் தந்து, திருவல்லம் பரசுராமர் கோயிலைத் தொட்டு, கோவளத்துக்கு வடக்கே பனத்துறையில் அரபிக்கடலில் கலக்கிறது. அதன் நீளம் 70 கி.மீ.க்கும் குறைவு. இந்தச் சிறு தொலைவுக்குள் மழைக்காடு, நெல்வயல், நகரம், கழிமுகம், கடற்கரை ஆகிய அனைத்தும் அடங்கிவிடுகின்றன.

ஆனால், இந்த ஆற்றின் இரு முனைகளும் இன்று நெருக்கடியில் உள்ளன. ஒருபுறம் கடற்கரை குறைந்து வருகிறது. மறுபுறம் காட்டின் எல்லை குறித்து வழக்குகளும் போராட்டங்களும் நடந்துள்ளன. இவ்விரண்டையும் ஆளும் சட்டங்களும் அறிவிக்கைகளும் தில்லியில் உருவானவை. எனவே, பயணச்சீட்டு எடுக்கும் முன் எங்கு செல்லலாம் என்பதோடு, அந்த இடம் எந்நிலையில் உள்ளது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது.

எப்போது செல்லலாம்?

தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1. அன்று முதல் ஆகஸ்ட் முடிய இக்கடற்கரையில் அலை கொந்தளிக்கும். கரை மணலைக் கடல் இழுத்துச் செல்லும். செப்டம்பருக்குப் பின் அலை தணியும்போது மணலின் ஒரு பகுதி மீண்டும் கரையேறும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழை தென்கேரளத்தையும் நனைக்கும். எனவே டிசம்பர் பிற்பகுதி முதல் பிப்ரவரி முடிய உள்ள காலமே கடலுக்கும் காட்டுக்கும் ஒருசேர ஏற்றது. வலசைப் பறவைகள் தங்கியிருக்கும் மாதங்களும், அகத்தியர்கூடம் மலையேற்றத்துக்கு வனத்துறை அனுமதி தரும் பருவமும் இதுவே.

சென்னை எழும்பூரிலிருந்து வருவோருக்கு நாகர்கோவில் வழியே கொல்லம் வரை செல்லும் அனந்தபுரி விரைவு ரயில் உள்ளது. தில்லியிலிருந்து கேரளா விரைவு ரயில் இரண்டு இரவுகளுக்கு மேல் பயணம் செய்து திருவனந்தபுரத்தை அடைகிறது. முன்பதிவின்போது ஒரு மாற்றத்தை நினைவில் கொள்ள வேண்டும். கொச்சுவேளி ரயில் நிலையம் திருவனந்தபுரம் வடக்கு என்றும், கரமனைக்கு அருகில் உள்ள நேமம் நிலையம் திருவனந்தபுரம் தெற்கு என்றும் 2024-ல் பெயர் மாற்றப்பட்டன.

முதல் நாள்: ஏரியும் கோவளமும்

முதல் நாள் விடியற்காலையை வெள்ளாயணி ஏரிக்கு ஒதுக்கலாம். கரமனையிலிருந்து தெற்கே சிறிது நேரப் பயணம். கேரளத்தில் உள்ள நன்னீர் ஏரிகள் மூன்றே. கொல்லம் மாவட்டத்துச் சாஸ்தாங்கோட்டை, வயநாட்டுப் பூக்கோடு ஆகியவற்றுடன் வெள்ளாயணியும் அவற்றுள் ஒன்று. ஏரியை ஒட்டிய புஞ்சக்கரி வயல்வெளி திருவனந்தபுரத்துப் பறவை ஆர்வலர்கள் வழக்கமாகக் கூடும் இடமாகும். நீலத் தாழைக்கோழி, இலைக்கோழி, நீர்க்காகம், கொக்கு, நாரை, மீன்கொத்தி என நீர்ப்பறவைகளைச் சாலையோரத்தில் நின்றே பார்க்கலாம். நுழைவுச்சீட்டோ வழிகாட்டியோ தேவையில்லை. சூரியன் ஏறுவதற்குள் சென்றுவிட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. வேளாண்மைக்காகப் பல பத்தாண்டுகள் நீர் இறைக்கப்பட்டதாலும், ஆக்கிரமிப்புகளாலும் ஏரி பெரிதும் சுருங்கிவிட்டது.

மாலையில் கோவளம் செல்லலாம். கரமனையிலிருந்து சுமார் 13 கி.மீ. தொலைவு. கிழக்கேகோட்டையிலிருந்து பேருந்துகள் உண்டு. பெயரில் ஒரு குழப்பம் நேர்வதுண்டு. 2021-ல் சர்வதேச நீலக்கொடிச் சான்று பெற்றது சென்னைக்கு அருகே உள்ள கோவளம். கன்னியாகுமரிக்கு அருகிலும் ஒரு கோவளம் உண்டு. இணையத்தில் விடுதி பதிவு செய்வோர் மாவட்டத்தின் பெயரைச் சரிபார்த்துக்கொள்வது நன்று.

பாறை முனைகளால் பிரிக்கப்பட்ட பிறைவடிவக் கடற்கரைகளே கோவளத்தின் தனிச்சிறப்பு. 1930-களில் திருவிதாங்கூர் அரச குடும்பத்தினர் இங்கு கடலோர மாளிகை எழுப்பினர். 1970-களில் மத்திய அரசின் இந்திய சுற்றுலா வளர்ச்சிக் கழகம், கட்டடக்கலைஞர் சார்லஸ் கொரியா வடிவமைத்த விடுதியைக் குன்றின் மீது கட்டியது. அதன் பிறகே கோவளம் உலகச் சுற்றுலா வரைபடத்தில் இடம்பெற்றது. அந்த விடுதியைப் பங்கு விலக்கல் திட்டத்தின் கீழ் 2002-ல் அரசு தனியாருக்கு விற்றது. 1972 முதல் இயங்கிவரும் விழிஞ்ஞம் கலங்கரை விளக்கம் தென்கோடிக் கரையில் நிற்கிறது. மேலிருந்து பார்த்தால் ஒருபுறம் பிறைக்கரைகளும், மறுபுறம் புதிய துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரும் தெரியும்.

திருடன் போல் வரும் கடல்

கடலில் இறங்குவோர் அறிய வேண்டிய சொல் ஒன்று உண்டு: கள்ளக்கடல். கேரள மீனவர்கள் வழங்கிவந்த இச்சொல்லை 2012-ல் யுனெஸ்கோ அறிவியல் வழக்காக ஏற்றுக்கொண்டது. தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ வீசும் பலத்த காற்றால் எழும் நீண்ட அலைகள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து, உள்ளூரில் காற்றோ மழையோ இல்லாத நாளில் கரையை வந்து மோதுகின்றன. வானம் தெளிவாக இருக்கும். கடல் மட்டும் திடீரென உள்ளே புகும். திருடன்போல் வருவதால் அப்பெயர்.

இது ஏட்டளவிலான எச்சரிக்கை அன்று. 2024 மார்ச் 31-ல் திருவனந்தபுரம் மாவட்டக் கடலோரக் கிராமங்களில் கடல்நீர் வீடுகளுக்குள் புகுந்தது. அதே ஆண்டு மே 6-ல், எச்சரிக்கை நடைமுறையில் இருந்தபோதே, கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரைக்குச் சென்ற மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். திருமண நிகழ்ச்சிக்காக வந்திருந்த இளைஞர்கள் அவர்கள்.

ஹைதராபாதில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம் இத்தகைய அலைகள் குறித்து முன்னறிவிப்பு வெளியிடுகிறது. புறப்படும் நாள் காலையில் அதைப் பார்த்துவிட வேண்டும். கோவளத்தில் சுற்றுலாத் துறையின் உயிர்காப்பாளர்கள் பணியில் உள்ளனர். சிவப்புக் கொடி பறந்தால் கால் நனைப்பதையும் தவிர்க்க வேண்டும். உயிர்காப்பாளர் இல்லாத கரையில் எவ்வளவு அமைதியான கடலாயினும் குழந்தைகளை இறக்கலாகாது.

இரண்டாம் நாள்: காட்டின் வாயில்

இரண்டாம் நாள் கிழக்கே செல்ல வேண்டும். நெய்யாறு வனவிலங்கு சரணாலயம் 1958-லும், கரமனையாறு பிறக்கும் பேப்பாறை வனவிலங்கு சரணாலயம் 1983-லும் அறிவிக்கப்பட்டவை. இவ்விரண்டும் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தின் பகுதிகள். 2001-ல் கேரளப் பகுதியில் அமைக்கப்பட்ட இக்காப்பகம், பின்னர் தமிழகத்தின் களக்காடு - முண்டந்துறை உள்ளிட்ட பகுதிகளையும் சேர்த்துக்கொண்டு சுமார் 3,500 சதுர கி.மீ. பரப்புடையதாயிற்று. 2016-ல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் சேர்ந்தது. மலையின் இப்பக்கம் கரமனையாறும் நெய்யாறும், அப்பக்கம் தாமிரவருணியும் பிறக்கின்றன. திருவனந்தபுரத்துக்கும் திருநெல்வேலிக்கும் குடிநீர் தருவது ஒரே மலைத்தொகுதி.

நெய்யாறு அணை நகரிலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவில் உள்ளது. தமிழக வாசகர்களுக்கு இப்பெயர் வேறு வகையிலும் அறிமுகமானது. கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்தில் சுமார் 9,200 ஏக்கருக்குப் பாசனம் அளித்த நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் 2004-ல் தண்ணீர் நிறுத்தப்பட்டது. இது தொடர்பாகத் தமிழக அரசு 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

பழைய வழிகாட்டி நூல்களை நம்பிச் செல்வோர் ஓரிடத்தில் ஏமாற நேரும். நெய்யாறில் 1984-ல் தொடங்கப்பட்ட சிங்க உலாவிடத்தின் கடைசிச் சிங்கம் 2021-ல் இறந்துவிட்டது. முதலை மறுவாழ்வு மையம் மட்டும் இங்கு உண்டு. நீர்த்தேக்கத்திலும் முதலைகள் இருப்பதால் கரையில் இறங்கிக் கை கால் கழுவுவதைத் தவிர்க்க வேண்டும். இப்பகுதியில் முதலை தாக்கி மக்கள் காயமடைந்த நிகழ்ச்சிகள் நடந்துள்ளன.

குழந்தைகளுடன் செல்வோருக்கு ஏற்ற இடம், சரணாலயத்தின் மறுகரையில் கோட்டூரை அடுத்த காப்புக்காடு யானைகள் மறுவாழ்வு மையம். 2006-ல் தொடங்கப்பட்ட இம்மையத்தில் தாயைப் பிரிந்த குட்டிகளும், முதுமையுற்ற யானைகளும் பராமரிக்கப்படுகின்றன. காலையில் சென்றால் யானைகள் நீராடுவதையும் உணவு உண்பதையும் காணலாம். இங்கு பார்ப்பது காட்டு யானையை அல்ல, காட்டை இழந்த யானையை என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இளைஞர்களும் உடல்திறன் உள்ளவர்களும் 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடம் சிகரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். போணக்காட்டிலிருந்து அதிருமலை முகாம் வழியாக நடந்து சென்று திரும்ப இரண்டு மூன்று நாள்கள் ஆகும். ஜனவரி நடுப்பகுதியில் தொடங்கும் சில வாரப் பருவத்துக்குக் கேரள வனத்துறை இணையம் வழியே முன்பதிவு நடத்துகிறது. இடங்கள் மிக விரைவில் நிரம்பிவிடும். நெடுங்காலம் பெண்களுக்கு இங்கு அனுமதி மறுக்கப்பட்டு வந்தது. கேரள உயர் நீதிமன்றம் 2018 நவம்பரில் அளித்த தீர்ப்புக்குப் பின், 2019 ஜனவரி முதல் பெண்களும் சிகரம் ஏறி வருகின்றனர்.

இம்மலைகளின் பழங்குடியினர் காணி மக்கள். 1987-ல் இங்கு வந்த அறிவியலாளர் குழு ஏறமுடியாமல் களைத்தபோது, வழிகாட்டிகளாக வந்த காணி இளைஞர்கள் ஏதோ ஒரு காயைத் தின்று சோர்வின்றி நடந்ததைக் கண்டது. அதுவே ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தை உருவாக்கி, கிடைத்த உரிமத்தொகையில் பாதியைக் காணி மக்களின் அறக்கட்டளைக்கு அளிக்க ஏற்பாடு செய்தது. பழங்குடியினரின் அறிவுக்கு உரிய பங்கு தரும் முன்னோடி முயற்சியாக இது உலக அளவில் பேசப்பட்டது. அதே கொள்கையைச் சட்டமாக்கும் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தை நாடாளுமன்றம் 2002-ல் நிறைவேற்றியது. 2023-ல் அதில் திருத்தம் செய்யப்பட்டது.

காட்டின் விளிம்பில் வாழ்வோரின் அச்சமும் உண்மையானது. சரணாலயங்களைச் சுற்றி ஒரு கி.மீ. சூழல் உணர்திறன் மண்டலம் கட்டாயம் என உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் 3-ல் உத்தரவிட்டது. நெய்யாறு, பேப்பாறை சரணாலயங்களுக்கான வரைவு அறிவிக்கையும் அதே ஆண்டில் வெளியானதால், அம்பூரி உள்ளிட்ட ஊர்களில் விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினர். 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தன் உத்தரவைத் தளர்த்தியது. காட்டுவிலங்கு வயலுக்கு வருவதும், காட்டின் எல்லை வீட்டுக்கு வருவதும் அம்மக்களுக்கு ஒரே துயரத்தின் இரு முகங்கள். சுற்றுலாப் பயணி அங்கு செலவிடும் சிறு தொகை அவ்வூர் மக்கள் நடத்தும் உணவகத்துக்கும் வழிகாட்டிக்கும் சென்றால், காடு காக்கப்படுவதில் அவர்களுக்கும் ஒரு லாபம் இருக்கும்.

மூன்றாம் நாள்: கழிமுகமும் துறைமுகமும்

நெய்யாறு கடலில் கலக்கும் பூவார், கரமனையிலிருந்து 30 கி.மீ.க்குள் உள்ளது. ஆறு, மணல்திட்டு, கடல் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து அமைந்த கழிமுகம். அலையாத்திச் செடிகளுக்கிடையே படகில் செல்லும்போது மீன்கொத்திகளையும் நீர்க்காகங்களையும் அருகில் காணலாம்.

படகில் ஏறும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. எத்தனை பேரை ஏற்ற அனுமதி? அத்தனை பேருக்கும் உயிர்காப்பு உடை உண்டா? தேக்கடியில் 2009 செப்டம்பர் 30-ல் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். அவர்களில் தமிழகத்தினர் பலர். அதன் பின்னும் படிப்பினை முழுமையாகவில்லை. 2023 மே 7-ல் மலப்புரம் மாவட்டம் தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றி, பொழுது சாய்ந்த பின்னும் ஓடிய படகு கவிழ்ந்து, குழந்தைகள் உள்பட 22 பேர் மாண்டனர். இத்தனைக்கும், 1917-ம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தை நாடாளுமன்றம் 2021-லேயே நிறைவேற்றியிருந்தது. படகுப் பதிவு, காப்பீடு, உயிர்காப்புச் சாதனங்கள் ஆகிய அனைத்தும் அதில் உள்ளன. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. உடை தராத படகில் ஏற மறுப்பதே பயணி செய்யக்கூடிய முதல் அமலாக்கம்.

திரும்பும் வழியில் விழிஞ்ஞம். ஒரு காலத்தில் ஆய் மன்னர்களின் துறைமுகமாக விளங்கிய ஊர். அங்குள்ள குடைவரைக் கோயில் 8-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இன்றைய விழிஞ்ஞத்தின் அடையாளம் சர்வதேசத் துறைமுகம். 2015 டிசம்பரில் பணி தொடங்கிய இத்துறைமுகத்துக்கு 2024 ஜூலையில் முதல் பெரிய சரக்குப்பெட்டகக் கப்பல் வந்தது. 2025 மே 2-ல் பிரதமர் இதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். கரைக்கு அருகிலேயே இயற்கையான ஆழமும், சர்வதேசக் கப்பல் தடத்தின் அண்மையும் இதன் பலம்.

இத்துறைமுகத்தின் கட்டுமானமே கரை அரிப்புக்குக் காரணம் எனக் கூறி, மீனவ மக்கள் லத்தீன் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் தலைமையில் 2022-ல் நான்கு மாதங்களுக்கும் மேலாகப் போராடினர். பணியை நிறுத்தி முறையான ஆய்வு நடத்த வேண்டும் என்பது அவர்கள் முன்வைத்த முக்கியக் கோரிக்கை. நவம்பர் இறுதியில் காவல் நிலையம் தாக்கப்படும் அளவுக்கு நிலைமை முற்றியது. டிசம்பர் 6-ல் போராட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. புயல்களும் பருவநிலை மாற்றமுமே அரிப்புக்குக் காரணம் என்பது அரசுத் தரப்பின் வாதம். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016-ல் திட்டத்தை அனுமதித்தபோதே, கரையோர மாற்றங்களைத் தொடர்ந்து கண்காணிக்க நிபந்தனை விதித்திருந்தது.

கப்பல் போக்குவரத்து பெருகும்போது அதன் ஆபத்தும் பெருகும். விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் 2025 மே 25-ல் கேரளக் கடலில் மூழ்கியது. அறுநூறுக்கும் மேற்பட்ட பெட்டகங்கள் அதில் இருந்தன. அவற்றிலிருந்து சிதறிய நெகிழிச் சிறுமணிகள் திருவனந்தபுரம் வரை பல கடற்கரைகளில் ஒதுங்கின. தன்னார்வலர்கள் சல்லடை கொண்டு மணலைச் சலிக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் புதிய வணிகக் கப்பல் சட்டத்தை நிறைவேற்றியது. கரையில் அரிசிமணி அளவில் வெண்ணிறத் துகள்களைக் கண்டால் குழந்தைகள் அவற்றை எடுத்து விளையாடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காம் நாள்: சங்குமுகம்

கடைசி நாள் மாலையைச் சங்குமுகத்துக்கு வைத்துக்கொள்வது பொருத்தம். பத்மநாபசுவாமி ஆண்டுக்கு இருமுறை ஆராட்டுக்கு எழுந்தருளும் கடற்கரை இது. ஊர்வலம் விமான ஓடுபாதையைக் கடந்து செல்வதால், அந்நாள்களில் சில மணி நேரம் விமானப் போக்குவரத்து நிறுத்தப்படுகிறது. நகர மக்கள் தலைமுறைகளாக மாலைக் காற்று வாங்கிய அகலமான மணல்வெளி இருந்த இடம். 2017 இறுதியில் வீசிய ஒக்கி புயல், அடுத்தடுத்த பருவமழைகள், 2021 மே மாதத்து டவ்தே புயல் ஆகியவற்றுக்குப் பின், கடற்கரை மட்டுமன்றி அதை ஒட்டிய சாலையும் அரிக்கப்பட்டது. சாலையைத் தடுப்புச்சுவருடன் மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று. அருகில் வலியதுறையில் உள்ள பழைய கடற்பாலம் 2024-ல் அலைகளின் தாக்குதலில் இரண்டாகப் பிளந்தது.

இது ஓர் ஊரின் கதை அன்று. சென்னையில் உள்ள தேசிய கடலோர ஆராய்ச்சி மையம், 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்து வெளியிட்ட கணக்கு, நாடாளுமன்றத்தில் கேள்விகளுக்கான பதில்களில் திரும்பத் திரும்ப இடம்பெற்றுள்ளது. அதன்படி, நாட்டின் கடற்கரையில் 33.6 சதவீதம் அரிப்புக்கு உள்ளாகியுள்ளது. கேரளத்தில் இது 46.4 சதவீதம். தமிழகத்தில் 42.7 சதவீதம்.

அரிப்புக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று பயணியின் கண்ணுக்குத் தெரியாதது. கடற்கரை மணலின் ஒரு பகுதி ஆறுகள் மலையிலிருந்து கொண்டுவந்து சேர்ப்பதாகும். அணைகள் அதைத் தேக்குகின்றன. மணல் அள்ளுவோர் எஞ்சியதை எடுத்துக்கொள்கின்றனர். ஆறு கடலுக்குத் தர வேண்டியதைத் தராதபோது, கடல் கரையிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

மணலுக்குப் பதில் ஆறு கொண்டுசெல்வது கழிவு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-ல் நாட்டில் மாசடைந்த ஆற்றுப்பகுதிகள் 351 எனக் கணக்கிட்டது. கேரளத்தில் 21. அவற்றில் மிக மோசமான முதல் வகையில் வைக்கப்பட்டது கரமனையாறு. அருவிக்கரையில் குடிநீராக எடுக்கப்படும் அதே ஆறு, நகரத்தைக் கடந்து, கிள்ளியாற்றையும் சேர்த்துக்கொண்டு திருவல்லத்தை அடையும்போது இந்நிலைக்கு வந்துவிடுகிறது. திருவல்லத்தில் முன்னோருக்குப் பலியிட வருவோர் இறங்குவதும் இந்நீரில்தான்.

500 மீட்டர் என்ற கனவு

கடற்கரையைக் காக்க வேண்டும் என்ற குரல் தில்லியில் புதிதன்று. கடல் ஏற்றக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடம் எழாமல் காக்க வேண்டும் எனக் கடலோர மாநில முதலமைச்சர்களுக்கு 1981 நவம்பரில் பிரதமர் இந்திரா காந்தி கடிதம் எழுதினார். பத்தாண்டுகளுக்குப் பின், 1991 பிப்ரவரியில் முதலாவது கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வெளியானது. 2011-லும் 2019-லும் அது மாற்றி எழுதப்பட்டது. மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கடலோரங்களில் 200 மீட்டராக இருந்த கட்டுமானத் தடைப்பகுதி, 2019 அறிவிக்கையில் 50 மீட்டராகக் குறைக்கப்பட்டது. கடற்கரையில் தற்காலிகச் சுற்றுலா வசதிகளுக்கும் அது இடமளித்தது. இதன் அடிப்படையிலான கேரளத்தின் கடலோர மண்டல மேலாண்மைத் திட்டத்துக்கு 2024-ல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது.

சொந்த நிலத்தில் ஓர் அறை கூடக் கட்ட முடியாமல் தவித்த மீனவக் குடும்பங்களுக்கு இத்தளர்வு தேவை என்பதை மறுக்க இயலாது. அதே தளர்வைப் பெரிய விடுதிகளும் பயன்படுத்திக்கொள்ளும் என்பதையும் மறுக்க இயலாது. கடல் உள்ளே வரும் காலத்தில் கட்டடம் வெளியே செல்வது அறிவுடைமை ஆகுமா என்பதே கேள்வி.

பயணி செய்யக்கூடியது

கடலுக்கு மிக அருகில் கட்டப்பட்ட விடுதியைத் தேடிப் பிடிப்பதைத் தவிர்க்கலாம். இரவில் கரையில் பலத்த விளக்கு அடிக்காமல் இருக்கலாம். முட்டையிட வரும் ஆமையும், பொரித்துக் கடல் நோக்கிச் செல்லும் குஞ்சும் வெளிச்சத்தால் திசைமாறும். கரைவலை இழுக்கும் மீனவர்களைக் கண்டால் விலகி நின்று பார்க்கலாம். சில சமயம் அவ்வலையில் திமிங்கலச் சுறா சிக்குவதுண்டு. 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்ற முதல் மீன் அது. தங்கள் வலையை அறுத்து அதைக் கடலுக்குத் திருப்பி அனுப்பிய மீனவர்கள் இக்கரையில் உள்ளனர். காட்டில் குரங்குக்கு உணவு தராமல் இருக்கலாம். கொண்டுசென்ற நெகிழி உறையைத் திரும்பக் கொண்டுவரலாம்.

நாள் மிகுதியாக உள்ளவர்கள் ஊர் திரும்பும் வழியில் ஒரு காலைப் பொழுதைச் சுசீந்திரம் - தேரூர் குளங்களில் கழிக்கலாம். 2022-ல் சர்வதேச ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற அந்நீர்நிலைகள், தேசிய நெடுஞ்சாலையிலேயே கன்னியாகுமரிக்கு முன் உள்ளன. மழையில் ஒருநாள் வீணானால், 1857-ல் நிறுவப்பட்ட திருவனந்தபுரம் உயிரியல் பூங்கா உண்டு. திங்கட்கிழமை விடுமுறை என்பதை மறக்க வேண்டாம்.

நான்கு நாளும் முடிந்து கரமனைப் பாலத்தைக் கடக்கும்போது, ஒரு நிமிடம் நின்று கீழே ஓடும் ஆற்றைப் பார்க்கலாம். இரண்டாம் நாள் கண்ட மலையிலிருந்து புறப்பட்ட நீர் அது. முதல் நாள் கால் நனைத்த கடலுக்குச் சென்றுகொண்டிருக்கிறது. இடையில் அதில் நாம் சேர்ப்பது என்ன, அதிலிருந்து எடுப்பது என்ன என்பதைப் பொறுத்தே, அடுத்த விடுமுறைக்கு வரும் குழந்தைகளுக்குச் சங்குமுகத்தில் ஓடி விளையாட மணல் இருக்குமா என்பது முடிவாகும்.